துல்கர்னைன் எழுதிய ஆறாவது வரி

தென்காசியில் துல்கர்னைன் யார் என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். தண்ணி பாய் என்று கேட்டுப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய், கோர்ட்டுக்கு எதிர்த்தாற்போல் இருக்கிற ஜெராக்ஸ் கடையில் விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். தண்ணீர் விற்கிற மனுஷர் இல்லை அவர். குற்றாலத்தில் எந்த அருவியில் எவ்வளவு விழுகிறது, குளிக்க விடுகிறார்களா தடுத்திருக்கிறார்களா என்று இருபத்தொரு வருஷமாகப் பேப்பருக்கு எழுதி அனுப்பியவர். பேப்பரில் அவர் பேர் வராது. 'நமது நிருபர்' என்றுதான் போடுவார்கள். பகுதிநேர நிருபருக்கு அவ்வளவுதான் மரியாதை. ஆனால் மதுரைக்காரனும் ராஜபாளையத்துக்காரனும் அந்த நாலு வரியைப் படித்துவிட்டுத்தான் வேன் பேசுவான்.

இளவயதில் இரண்டு வருஷம் சவுதியில், தம்மாமில் இருந்தார். மணலைப் பார்த்துப் பார்த்துக் கண் காய்ந்துபோனது என்று திரும்பி வந்தவர், பிறகு ஊரைவிட்டு அசையவில்லை.

அவர் செய்தி எழுதுகிற விதத்தைச் சொல்ல வேண்டும். விடியக்காலைத் தொழுகை முடிந்ததும் செந்தில்வேலுக்குப் போன் போடுவார். செந்தில்வேல் அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவன்.

"என்னலே, இன்னைக்கு எப்படி?"

"ஐந்தருவியில நாலு கெளை விழுது அண்ணாச்சி. சாரல் கெடக்கு, காத்தும் இருக்கு. நீங்களும் வாங்களேன், ஒரு குளியல் போடலாம்."

"நான் வந்தா எனக்கு மூக்கடைக்கும். நீ குளி, நான் எழுதுதேன்."

தண்ணி பாய்க்குத் தண்ணீர் ஆகாது. ஊர் சிரிக்கிற விஷயம் இது, அவரும் சேர்ந்து சிரிப்பார். செந்தில்வேல் சொன்னதை ஒரு பள்ளிக்கூட நோட்டில் தேதி போட்டு எழுதிக்கொண்டு, பேப்பருக்கு அனுப்பிவிட்டுக் கடையைத் திறப்பார். அவர் சொன்ன தண்ணீர்க் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை. தப்பாதவனுக்குத்தான் தைரியம் கூடிப்போகும். வினை வந்ததும் அந்த வழியாகத்தான்.

போன வருஷம் வைகாசி. அக்னி நட்சத்திரம் கழியவில்லை, சீசனுக்கு இன்னும் ஒரு மாதம் கிடந்தது. எந்த அருவி என்று இங்கே வேண்டாம். அங்கே இன்றைக்கும் பிழைக்கிறவர்கள் இருக்கிறார்கள். மலைக்கு மேலே எங்கோ ஊற்றிய மழை, கீழே வெயிலடித்துக்கொண்டிருக்கும்போதே அருவியில் வந்து இறங்கிவிட்டது. வெள்ளம் வந்தால் ஊத வேண்டிய சைரன் ஊதவில்லை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து புதுசாய்க் கல்யாணமாகி வந்த ஒருவனைத் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள்தான் உடம்பு கிடைத்தது.

செந்தில்வேல் போனில் ஒரு படம் அனுப்பினான். குளிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்ள வைத்த காண்ட்ராக்ட் காவலர் நிற்கிற இடத்தில், சுவர் ஆணியில் ஒரு காக்கிச் சட்டை தொங்குகிறது. ஆளில்லை.

"காவலரு எங்கலே?"

"காணோம் அண்ணாச்சி. சட்டை மட்டும் தொங்குது."

துல்கர்னைன் ஒன்பது வரி எழுதினார். ஐந்தாவது வரி, சைரனுக்கு எட்டு மாதமாக பேட்டரி இல்லை என்பது. தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய கடிதம் அவர் கையில் இருந்தது. ஆறாவது வரி, 'சம்பவத்தின்போது காவலர் பணியில் இல்லை, அவரது சட்டை மட்டுமே ஆணியில் இருந்தது' என்பது. பேப்பர்க்காரர்கள் படத்தோடு பெரிதாகப் போட்டார்கள். பேட்டரியை யார் நினைவில் வைத்தார்கள்? ஊர் முழுக்க அந்தச் சட்டையைப் பற்றித்தான் பேச்சு.

அந்த அருவிக்கரையைப் பார்த்துக்கொள்கிற அலுவலகத்தில் ஓர் அதிகாரி இருந்தார். அவர் இரண்டு காரியம் செய்தார். ஐந்தாவது வரி தன்னை அவமானப்படுத்திவிட்டது என்று துல்கர்னைன் மேல் அவதூறு வழக்குப் போட்டார். சம்பவத்துக்கு இரண்டு நாள் முன்னாலேயே பேட்டரி வாங்கி மாட்டியாயிற்று, சைரன் ஊதியது என்று ஒரு பில்லையும் காட்டினார். இது துல்கர்னைனுக்குத் தெரிந்த காரியம். இன்னொரு காரியம் அவருக்குத் தெரியாது. அதை அவர் தெரிந்துகொள்ள ஒரு வருஷம் ஆனது.

வழக்கு என்றதும் பேப்பர்க்காரர்கள், அவர் எங்கள் ஊழியர் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு நகர்ந்துகொண்டார்கள். தனியாய் நின்ற மனுஷருக்கு உமா மகேஸ்வரி என்ற வக்கீல் கிடைத்தாள். அவருடைய கடையில் நகல் எடுக்க வருகிறவள், நேர்மையானவள்.

"சைரன் ஊதலைன்னு பக்கத்துல நின்ன ஒரு ஆளு கூண்டுல ஏறிச் சொன்னாப் போதும் அண்ணாச்சி. அந்த பில்லு காத்துல பறந்துரும். யாராச்சும் உண்டா?"

செந்தில்வேலைக் கேட்டார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வருசா வருசம் அவுககிட்டதான பாஸ் வாங்கணும் அண்ணாச்சி. என்னை விட்டுருங்க." அவனைக் குறை சொல்ல முடியுமா? எண்ணெய்க் கிண்ணத்தை வைத்துப் பிழைக்கிறவன்.

ஏழெட்டு வாய்தா போனது. பிறகு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. 'சைரன் பற்றி நான் எழுதியது ஆதாரமற்றது. மனப்பூர்வமாக வருந்துகிறேன்.' இதில் கையெழுத்துப் போட்டால் அதிகாரி மன்னித்துவிடுவாராம்.

"சட்டத்துல இதுக்கு வழி இருக்கு" என்றாள் உமா. "அவதூறு ஆச்சுன்னு சொல்லுதவரே மன்னிச்சுட்டேன்னு எழுதிக் குடுத்து, நீங்களும் சம்மதிச்சா கேஸு அதோட முடிஞ்சுது. இல்லாட்டி ரெண்டு வருசம் வரைக்கும் தண்டனை குடுக்கலாம். நீங்கதான் முடிவு பண்ணணும்."

வீட்டில் மெஹர் பானு அந்தக் கடிதத்தைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டாள். மகள் ஷிஃபாவைக் கடையநல்லூரில் பேசி முடித்திருந்தார்கள். சம்பந்தி வீட்டார் இரண்டு தடவை, கேஸு என்னாச்சு என்று விசாரித்திருந்தார்கள்.

"பேட்டரி இருந்தா உங்களுக்கென்ன, இல்லாட்டி உங்களுக்கென்ன? போட்டுட்டு வாங்களேன் கையெழுத்த."

"செத்தவன் பொண்டாட்டி அந்தப் பேப்பரை எடுத்து வச்சிருப்பாளே மெஹர். நான் எழுதுனது பொய்யின்னு ஆயிட்டா, சைரன் ஊதியும் அவன்தான் கேக்காம நின்னான்னு ஆயிருமே."

"ஆமா, ஊருக்கெல்லாம் நீங்கதான் வாப்பா. வீட்டுல மக ஒருத்தி இருக்கா, அவளுக்கு யாரு?"

திங்கட்கிழமை வாய்தா. போட்டுவிடலாம் என்றே தீர்மானித்து, கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை அவர் ஓர் இடத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஆலங்குளத்திலிருந்து நிவேதா என்று ஒரு பெண், சித்திரம் படித்தவள், ஆறு மாதத்துக்கு முன் கடைக்கு வந்து அவருடைய இருபத்தொரு வருஷத்து நோட்டுகளையும் கேட்டு வாங்கிக்கொண்டு போயிருந்தாள். பழைய தண்ணீர்க் கணக்கு இந்தப் பிள்ளைக்கு எதற்கு என்று அவருக்குப் புரியவில்லை. இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் அதைத் துணியில் வரைந்து தொங்கவிட்டிருந்தாள்.

போய்ப் பார்த்த மனுஷர் அசந்துபோனார். அறுபது அடி நீளத்துக்குத் துணி. நோட்டில் இருந்த ஒவ்வொரு நாளுக்கும் ஒரு கோடு. தண்ணீர் விழுந்த நாள் நீலம், வற்றிய நாள் வெறும் துணி, வெள்ளம் வந்து குளிக்கத் தடை போட்ட நாள் சிவப்பு. வருஷம் ஏற ஏற அது மாறுவது கண்ணுக்குத் தெரிந்தது. முன்பெல்லாம் ஆனி பிறந்ததும் நீலம் தொடங்கி, சீராக ஆவணி வரைக்கும் போனது. வரவர நீலம் துண்டுதுண்டாகியது. வெறும் துணி நீண்டுகொண்டே போய், வரக்கூடாத மாதத்தில் சிவப்பு விழுந்தது. வானம் தடம் மாறிப் போனதை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இவ்வளவையும் நாமா எழுதினோம் என்று அவர் துணியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்.

போன வைகாசியில் ஒரு கெட்டிச் சிவப்பு. அதன்மேல் நிவேதா ஒரு சட்டையை வரைந்திருந்தாள். பேப்பரில் வந்த அதே காக்கிச் சட்டை, அதே ஆணி.

அதன் முன்னால் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், காவி வேட்டி. துல்கர்னைன் பக்கத்தில் போனதும், சித்திரத்திலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்.

"பையில ஒட்டுப் போட்டிருக்கு பாத்தீகளா? என் வீட்டுக்காரி போட்ட ஒட்டு. இந்தப் புள்ளை அதைக்கூட விடாம வரைஞ்சிருக்கு."

துல்கர்னைன் சித்திரத்தில் இருந்த சட்டையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்க..."

"நல்லகண்ணு. அருவிக்கரையில நின்ன காவலு. அங்க ஆளே இல்லைன்னு நீரு எழுதுனது என்னைத்தான்."

மண்டபத்தில் கூட்டமில்லை. நிவேதா அங்கே தூரத்தில் யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு நீங்க எங்க இருந்தீக அண்ணாச்சி?"

"தண்ணிக்குள்ள."

அவர் சொன்னது இதுதான். காண்ட்ராக்ட் காவலுக்கு வருஷத்துக்கு ஒரே ஒரு சட்டை. அருவிக்கரையில் நின்றால் சாரலே நனைத்துவிடும். ஆட்களை இழுத்து வெளியே விட உள்ளே இறங்கினால் சொல்லவே வேண்டாம். நனைந்த காக்கியோடு பகல் முழுக்க நின்றால் அக்குளும் தோளும் புண்ணாகிவிடும். அதனால் வந்ததும் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, பனியனோடும் விசிலோடும்தான் எல்லாக் காவலரும் நிற்பார்கள். அங்கே சட்டை தொங்கினால் ஆள் வேலையில் இருக்கிறான் என்று அர்த்தம். அன்றைக்குத் தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்ததும் விசில் ஊதியிருக்கிறார், கத்தியிருக்கிறார், பதினோரு பேரைக் கையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார். அந்தப் புது மாப்பிள்ளையின் கை வழுக்கிவிட்டது. அவனைத் தேடிக்கொண்டு ஓடைக்கரையோடு கீழே ஓடியவர், இருட்டிய பிறகுதான் ஏறி வந்திருக்கிறார். படம் எடுத்த நேரத்தில் அவர் அங்கே இல்லாதது உண்மை.

"ஆபீஸ்ல போயி சொன்னேன். பேப்பர்லயே வந்துருச்சே, நான் என்ன செய்யதுன்னு கேட்டாரு அந்த ஐயா. ஒம்ம வரியை வெட்டி ஒட்டித்தான் என்னை வேலைய விட்டு நிறுத்துன ஆர்டரே வந்துச்சு. அந்த ஆர்டரை எங்க ஜெராக்ஸ் எடுத்தேன் தெரியுமா பாய்? ஒம்ம கடையிலதான். நீருதான் எடுத்துக் குடுத்தீரு."

கோர்ட்டுக்கு எதிரே கடை வைத்தவருக்கு ஒரு நெறி உண்டு. நகலெடுக்க வருகிற காகிதத்தைப் படிக்கக் கூடாது. அவர் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். அன்றைக்கும் படிக்கவில்லை. இரண்டு பக்கம், நாலு நகல், எடுத்துக் கொடுத்துவிட்டு அடுத்த ஆளைப் பார்த்திருக்கிறார்.

"அன்னைக்கே என்னை நாலு வார்த்தை கேட்டிருக்கலாமே அண்ணாச்சி."

"கேட்டுருப்பேன். கடையில கூட்டம். அதுவுமில்லாம, உள்ளத எழுதுத பேப்பர்ல பொய் வராதுன்னு என் பொண்டாட்டியே நம்பிட்டா. அவகிட்ட முதல்ல வழக்காடணுமா, ஒம்மகிட்டயா?"

வெளியே வந்ததும் துல்கர்னைன் செந்தில்வேலுக்குப் போன் போட்டுச் சத்தம் போட்டார். சட்டை கழற்றி மாட்டுகிற வழக்கத்தை ஏன் சொல்லவில்லை என்று.

"அதைச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல அண்ணாச்சி. தண்ணி நனைக்கும்னு யாராச்சும் சொல்லுவாங்களா? ஒரு நாளு நீங்க வந்து நின்னிருந்தீகன்னா நீங்களே பாத்திருப்பீக."

அந்த வார்த்தையோடு துல்கர்னைன் போனை வைத்துவிட்டார்.

திங்கட்கிழமை அந்தக் கடிதத்தில் கையெழுத்து விழவில்லை. உமா மகேஸ்வரியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறாவது வரி தப்புன்னு நீங்களே சொன்னீங்கன்னா, அஞ்சாவது வரியும் இப்படித்தான்னு அந்த வக்கீல் ஏறி மிதிப்பாரு அண்ணாச்சி. அந்த வரிக்கு உங்க மேல கேஸே இல்லை. வாயைத் தொறக்காதீங்க."

"கேஸ் இல்லாததுதான் எனக்கு உறுத்துது. செய்யாத தப்புக்குக் கூண்டுல நிக்கேன். செஞ்ச தப்புக்கு யாரும் கேக்கலையே."

பேப்பருக்குத் திருத்தம் அனுப்பினார். வழக்கு நடக்கும்போது போட மாட்டோம் என்றார்கள். சரி, நம்மிடம் மிஷின் இருக்கிறது என்று, ஒரு தாளில் தானே எழுதினார். 'நான் எழுதிய செய்தியில் ஆறாவது வரி பொய். காவலர் நல்லகண்ணு பணியில் இருந்தார். பதினோரு பேரைக் காப்பாற்றினார். விசாரிக்காமல் எழுதியது என் குற்றம்.' கீழே பேர், கடை விலாசம். முந்நூறு நகல் எடுத்தார். மெஹர் பானு ஒரு தாளை எடுத்து நின்றபடியே படித்தாள்.

"இருபத்தொரு வருசத்துல இன்னைக்குத்தான் உங்க பேரு அச்சுல வந்திருக்கு. அதுவும் குற்றம்னு."

"சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா..."

"தெரியட்டும். நானே ஒண்ணு கொண்டுபோயிக் குடுக்கேன். பொய் சொல்லி ஒளிச்சு வச்ச வீடுன்னு பேரு வாங்கதுக்கு இது தேவலாம்." சொல்லிவிட்டுப் பாதிக் கட்டைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். அவள் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கோபத்தோடேதான் செய்தாள்.

அருவிக்கரைக் கடைகளில், வேன் ஸ்டாண்டில், அந்த அலுவலகத்தின் வாசலிலேகூட நின்று துல்கர்னைன் அதைக் கொடுத்தார். ஒரு தாளை எடுத்துக்கொண்டு இலஞ்சிக்கு நல்லகண்ணு வீட்டுக்குப் போனார். நல்லகண்ணுவின் மனைவி முத்துவடிவு அதை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டு அடுப்படிக்குள் போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

"என்னை மன்னிச்சிருங்க அண்ணாச்சி" என்றார் துல்கர்னைன்.

நல்லகண்ணு தாளை மடித்தார். "ஒரு வருசமா ஆளுக பாக்கப் பாக்க ஓட்டல்ல தட்டுக் கழுவுதேன். மருமகன் வீட்டுல எம் பொண்ணை, ஆளு சாகும்போது தூங்கப்போனவன் மகளான்னு கேட்டாக. நீரு ஒரு வார்த்தைல கேக்கீரு. நான் ஒரு வார்த்தைல குடுக்க முடியுமா?"

"முடியாதுதான்."

"இருந்துட்டுப் போகட்டும். அந்த சைரன் விவகாரம் என்னாச்சு?"

துல்கர்னைன் சொன்னார். பில் காட்டுகிறார்கள், ஊதியது என்கிறார்கள், இல்லை என்று சொல்லச் சாட்சி கிடைக்கவில்லை என்று.

நல்லகண்ணு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "சாட்சி கெடைக்கலையா? சைரன் கம்பத்துக்கு அடியில நின்ன ஒரே ஆளு நான்தானே வேய்."

அப்போதுதான் துல்கர்னைனுக்கு உறைத்தது. யாரை அங்கே இல்லை என்று எழுதினாரோ, அவர் ஒருவர்தான் எல்லாவற்றையும் பார்த்தவர். அவரை அழித்த அதே கையால் தன் சாட்சியையும் அழித்திருக்கிறார். அந்த அதிகாரிக்கு இது முதல் நாளே தெரிந்திருந்தது, அதனால்தான் அந்த வரியை வைத்தே நல்லகண்ணுவை வெளியே தள்ளியிருக்கிறார்.

அடுத்த மாதம் நல்லகண்ணு கூண்டில் ஏறினார். வெள்ளைச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான் வரை மாட்டியிருந்தார். பேட்டரிப் பெட்டி எட்டு மாதமாகக் காலி, அதற்குள் குருவி கூடு கட்டியிருந்தது, மூன்று தடவை எழுதிக் கொடுத்தேன், அன்றைக்கு சைரன் ஊதவில்லை, ஊதியிருந்தால் நான் ஏன் தொண்டை கிழியக் கத்தப் போகிறேன் என்றார். அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்தார்.

"உம்ம வேலை போனதுக்குக் காரணமே இந்தக் கேஸுல எதிரியா நிக்க துல்கர்னைன்தானே?"

"ஆமாங்க."

"அவரை மன்னிச்சுட்டீரா?"

"அது எனக்கும் அவருக்கும் உள்ளது. நீங்க சைரனைப் பத்திக் கேளுங்க."

வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினார்கள். 'சம்பவத்தின்போது நான் பணியில் இருந்தேன்' என்ற இடத்தில் நல்லகண்ணு கையைத் தூக்கி, இன்னொரு மட்டம் படிங்க என்றார். படித்தார்கள். கையெழுத்துப் போட்டார்.

அதற்கடுத்த வாய்தாவில் ஓர் அதிசயம் நடந்தது. அதிகாரியின் வக்கீல் ஒரு மனுவை நீட்டினார். துல்கர்னைனின் குடும்ப நிலையைக் கருதி, பெருந்தன்மையோடு அவரை மன்னித்து வழக்கை முடித்துக்கொள்கிறாராம். கடிதம் வேண்டாம், வருத்தமும் வேண்டாம். உமா மகேஸ்வரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. "போயிருவோம் அண்ணாச்சி, தப்பிச்சோம்" என்று காதோடு சொன்னாள்.

மாஜிஸ்திரேட் அம்மா நிமிர்ந்து பார்த்தார். "மன்னிக்கிறேன்னு சொல்றாரு. உங்களுக்குச் சம்மதம்தானே?"

துல்கர்னைன் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தார். நல்லகண்ணு அங்கே உட்கார்ந்திருந்தார். மன்னித்து முடித்துவிட்டால் தீர்ப்பு என்று ஒன்று எழுத வேண்டியதில்லை. தீர்ப்பு இல்லாவிட்டால் நல்லகண்ணு சொன்னது கேஸ் கட்டுக்குள் கிடந்து மக்கிப்போகும். வேலையை விட்டு நிறுத்திய ஆர்டரில் அந்த ஆறாவது வரி மட்டும் என்றைக்கும் இருக்கும்.

"சம்மதமில்லைங்கம்மா" என்றார். "இவர்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கவே இல்லை. நான் கேட்ட ஆளு வேற, அவர் இந்தக் கேஸுல இல்லை. சைரன் ஊதுச்சா இல்லையா, அந்த மனுசர் அங்க நின்னாரா இல்லையா, நீங்களே எழுதிருங்க. தண்டனைன்னு வந்தாலும் வாங்கிக்கிடுதேன்."

உமா மகேஸ்வரி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு எழுந்து நின்று, "எங்க தரப்புல ஆட்சேபம் இருக்கு" என்று சொன்னாள். மாஜிஸ்திரேட் வெகுநேரம் கட்டைப் புரட்டினார். மனுவை ஓரமாக வைத்துவிட்டுத் தீர்ப்புக்குத் தேதி போட்டார்.

வெளியே வெயில் சுள்ளென்று அடித்தது. துல்கர்னைன் கோர்ட்டு வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தார். சட்டம் நீட்டிய மன்னிப்பைத் தள்ளிவிட்டு வந்தாயிற்று, வீட்டில் என்ன சொல்வது என்று தெரியவில்லை. நல்லகண்ணு வந்து பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு உட்கார்ந்தார்.

"நான் இன்னும் மன்னிக்கல பாய்."

"தெரியும் அண்ணாச்சி."

"சும்மா சொல்லி வைக்கேன். நாளைக்கு நீரு தப்பா எண்ணிக்கிடக் கூடாதுல்லா."

"எண்ண மாட்டேன்."

குற்றாலம் பஸ் வந்தது. நல்லகண்ணு எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"தீர்ப்பன்னைக்கு ஓட்டலுக்கு லீவு போட்டுட்டு வாரேன். எது வந்தாலும் நீரு ஒத்தையில நிக்க வேண்டாம்."